கிராத்துரையின் படம்

மேலகரம்
3.3.2024

குற்றாலநாதர் துணை

அன்புத் தங்கை உமா மகேஸ்வரிக்கு அண்ணன் நாகராஜன் எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அந்தக் குளிர் தேசத்தில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும்.

அப்பாவின் பதினாறாம் நாளன்று, இனி என்னோடு பேச்சில்லை என்று சொல்லிவிட்டுப் போனாய். பதின்மூன்று வருடம் ஆகிறது. உன் அண்ணி கொரோனாவில் போனபோதுகூட மாப்பிள்ளைதான் போன் செய்து துக்கம் கேட்டார். உன் வைராக்கியம் உனக்கு. பேசத்தானே மாட்டாய், கடிதத்தைப் படிக்காமலா இருப்பாய் என்று எழுதுகிறேன்.

ஐந்தருவிச் சாலைத் தோட்டத்தில் கிராத்துரை சமாதியை மூன்று வருடத்துக்கு முன் புதுப்பித்தேன். பழைய சுண்ணாம்பையெல்லாம் சுரண்டிவிட்டுப் பச்சை டைல்ஸ் ஒட்டியிருக்கிறேன். மேலே தகரக் கொட்டகை. ஆடிக் கடைசி வெள்ளி கொடைக்குச் செங்கோட்டை, கடையத்திலிருந்தெல்லாம் ஜனம் வருகிறது. “சாமிக்கு ஒரு முகம் இல்லையே அண்ணாச்சி” என்று கேட்கிறார்கள்.

கிராப்டிரீ துரையின் சொந்த ஊர் விட்பி, அது நீ இருக்கும் ஹல்லுக்குப் பக்கம் என்று மாப்பிள்ளை ஒருமுறை சொன்னார். நிலாவாரையும் ஜாதிக்காயும் கப்பலேற்றிய பெரிய வியாபாரிக்கு அங்கே ஒரு படமாவது இல்லாமலா போகும்? நம் முன்னோர் பால்வண்ணநாத பிள்ளை அவரிடம் கணக்கப்பிள்ளையாக இருந்து, அவர் கண்ணை மூடியபின் சமாதி கட்டி விளக்கேற்றியவர். அந்த விசுவாசத்துக்கு வந்ததுதான் தோட்டம். தேடி ஒரு பிரதி அனுப்பு. படம் மட்டும் போதும். வேறெதுவும் கிளற வேண்டாம்.

மஞ்சு சிவகிரியில் புருஷன் வீட்டில் நலமாக இருக்கிறாள்.

ஆசிகளுடன்,
நாகராஜன்

•

ஹல்
26.3.2024

அண்ணனுக்கு உமாவின் வணக்கம். இங்கே எல்லாரும் சுகம். உங்கள் சர்க்கரை எப்படி இருக்கிறது? காலைக் கவனித்துக்கொள்ளுங்கள். இது ஒரு நர்ஸ் கேட்பது, தங்கை கேட்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படம் வேண்டுமாக்கும்! முட்டைகூடப் படியேறாத வீடு நம்முடையது. வருடத்தில் ஒரு நாள் மட்டும் யாரையோ விட்டு பிராந்தி வாங்கிவந்து, ரொட்டியும் சுருட்டும் வைத்து வெள்ளைக்காரனைக் கும்பிடுவோம். பெண்பிள்ளை சமாதியைச் சுற்றியிருக்கும் அந்தச் சுவரைத் தாண்டக் கூடாது. துரைக்கு ஆகாதாம்.

நான் ஒரே ஒரு தடவை தாண்டினேன். 1986 கொடையன்று, எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் சாய்ந்து, “அப்பாவைக் கூட்டிட்டு வாட்டி” என்றாள். மேலகரத்திலிருந்து தோட்டம்வரை ஓடிவந்தேன். வெளியே நின்று கத்தியது கொட்டுச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. உள்ளே ஓடி அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவ்வளவுதான் நான் செய்த பாவம். என்னைத் தரதரவென்று வெளியே தள்ளி, தண்ணீர் தெளித்துத் தீட்டுக் கழித்து, படையலை முதலிலிருந்து போட்டீர்கள். வீட்டுக்கு வந்தபோது அம்மா இல்லை. “இவ மிதிச்சதுக்குத் துரை அம்மையத் தூக்கிட்டாரு” என்று நடுவீட்டில் சொன்னது அப்பா இல்லை, நீங்கள். அப்பாவின் பதினாறாம் நாளிலும் சொந்தக்காரர்கள் முன்னால் அதையே சொன்னீர்கள்.

அந்தத் துரையின் மூஞ்சியைப் பார்க்க எனக்கும் ஆசைதான். தேடுகிறேன். எதைக் கிளறுவது, எதை விடுவது என்பது என் இஷ்டம்.

மஞ்சுவுக்கு என் அன்பு.

உமா

•

மேலகரம்
20.4.2024

குற்றாலநாதர் துணை

தங்கைக்கு ஆசிகள். உன் கடிதம் கிடைத்தது. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

பழசையெல்லாம் எழுதியிருக்கிறாய். நான் பதில் சொல்லப்போவதில்லை. படம் ஆடிக்குள் வந்துவிட்டால் பெரிதாக்கிச் சட்டம் போடச் சரியாக இருக்கும்.

வெயில் தாங்கவில்லை. அருவியில் பாறைதான் தெரிகிறது. மஞ்சு சுகம்.

நாகராஜன்

•

தென்காசி
2.6.2024

அன்புள்ள அத்தைக்கு மஞ்சு எழுதுகிறேன். எப்படி இருக்கிறீர்கள்? நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை.

அப்பா என் போனை வாங்கி வைத்துக்கொண்டார். இதை மாஜிதா வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். என்னோடு கல்லூரியில் படித்தவள். பதிலை அவள் முகவரிக்குப் போடுங்கள்.

பிப்ரவரியிலிருந்து நான் மேலகரத்தில்தான் இருக்கிறேன். பொங்கலுக்கு வந்தபோது எனக்கு இரண்டு மாதம். வெள்ளிக்கிழமை துரை சமாதியில் விளக்கேற்றிவிட்டு அப்பா டீ குடிக்கப் போனார். நான் சுவருக்கு வெளியேதான் நின்றேன். விளக்கிலிருந்து சருகு பற்றி, கொட்டகைக் கம்புக்குத் தீ ஏறியது. கூப்பிட்டுப் பார்த்தேன், யாரும் இல்லை. ஒரு வாளித் தண்ணீரோடு உள்ளே போய் அணைத்தேன். அப்பா வந்து பார்த்துவிட்டு, “ஏட்டி, உள்ளயா போன?” என்று கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. தீ அணைந்ததை அவர் பார்க்கவே இல்லை.

சிவகிரிக்குத் திரும்பிய பதினைந்து நாளில் கர்ப்பம் கலைந்துவிட்டது. சில சமயம் இப்படி ஆவதுண்டு என்றுதான் டாக்டரம்மா சொன்னார். ஆனால் அப்பாவே சிவகிரிக்குப் போன் செய்து, நான் மிதித்ததைச் சொல்லிவிட்டார். மாமியார் என்னைப் பெட்டியோடு அனுப்பிவைத்தார். என் மாப்பிள்ளை பஸ் ஸ்டாண்டுவரை வந்து பெட்டியை ஏற்றிவிட்டுப் போனார்.

அத்தை, நீங்களும் உள்ளே போனீர்களாமே. அதனால்தான் ஆச்சி இறந்தார்கள் என்று ஊரில் சொல்லுகிறார்கள். அது உண்மையா? உங்களிடம் கேட்டால்தான் தெரியும் என்று எழுதினேன்.

மஞ்சு

•

ஹல்
17.6.2024

அண்ணனுக்கு. நலம் விசாரிக்க எனக்கு மனசில்லை.

மஞ்சு சிவகிரியில் நலம், மஞ்சு சுகம்! இரண்டு கடிதத்தில் இரண்டு பொய். பெற்ற பிள்ளை பக்கத்து அறையில் அழுதுகொண்டிருக்க, உங்களால் எப்படி அண்ணா அதை எழுத முடிந்தது? போன் செய்து அவள் வாழ்க்கையைக் கெடுத்ததும் நீங்கள்தானாம். உங்கள் கொட்டகை எரியாமல் காப்பாற்றினாளே, அதற்கு இந்தக் கூலியா?

முதல் மூன்று மாதத்துக்குள் பத்தில் ஒன்றிரண்டு கர்ப்பம் இப்படித்தான் கலையும். நான் இந்த வேலையில் இருபத்தைந்து வருடம் இருக்கிறேன். எந்தத் துரையும் வந்து எடுத்துப் போவதில்லை. இதை அவளுக்கும் எழுதிவிட்டேன்.

அடுத்த வாரம் ஆவணக் காப்பகத்தில் கிராப்டிரீ வீட்டாரின் கடிதக் கட்டுகளைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். வருகிறேன் உங்கள் துரையிடம்.

உமா

•

மேலகரம்
1.7.2024

குற்றாலநாதர் துணை

தங்கைக்கு. சாரல் பிடித்துவிட்டது. இங்கே கூட்டம் ஆரம்பம்.

நீ அங்கே இருந்துகொண்டு சுலபமாக எழுதிவிடுவாய். நான் இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும். மறைத்து, பின்னால் தெரிந்தால் நன்றாக இருக்குமா? அதனால்தான் நானே சொன்னேன்.

சிவகிரிக்காரர்கள் இறங்கி வந்திருக்கிறார்கள். கொடையன்று மஞ்சு ஈரச் சேலையோடு சுவருக்கு வெளியே நின்று, ஜனத்துக்கு முன்னால் துரையிடம் மூன்று தடவை மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால் அன்றே கூட்டிப் போவதாகச் சொல்லுகிறார்கள். மஞ்சுவும் சரி என்றுவிட்டாள். அவள் வாழ வேண்டும் என்று நினைத்தால் நீ குறுக்கே வராதே. படத்தை மட்டும் அனுப்பு.

நாகராஜன்

•

ஹல்
12.7.2024
பதிவுத் தபால்

அன்புள்ள அண்ணா,

நீங்களும் மஞ்சுவும் நலமாக இருக்க வேண்டும். இந்தத் தடவை மனதாரத்தான் கேட்கிறேன். கோபத்தையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு எழுதுகிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

ஹென்றி கிராப்டிரீ 1839-இல், இருபத்து நான்கு வயதில், விட்பியிலிருந்து கப்பல் ஏறினான். ஊரில் மனைவி மார்கரெட், கைக்குழந்தையாக ஒரு மகள். தூத்துக்குடி வழியாக நிலாவாரை இலையை அனுப்பித்தான் முதல் பணம் பார்த்தான். இங்கிலாந்துக்காரனுக்கு மலச்சிக்கல் தீர நம்மூர் இலை. பிறகு குற்றாலத்தில் ஜாதிக்காய்த் தோட்டம். நடுவில் இரண்டு தடவை ஊருக்கு வந்து போனதில் இன்னும் இரண்டு மகள்கள். 1863-இல் ஒரேயடியாகத் திரும்பினான். 1884-இல் விட்பியில், சொந்த வீட்டில், சொந்தக் கட்டிலில் செத்தான். மார்கரெட் பக்கத்தில் புதைத்திருக்கிறார்கள். நான் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஆமாம் அண்ணா. உங்கள் டைல்ஸுக்குக் கீழே துரை இல்லை.

யார் என்று அவனே தம்பிக்கு எழுதியிருக்கிறான், 1861 செப்டம்பரில். தமிழில் சொல்லுகிறேன்: “என் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஆவுடையம்மாள் காலராவில் போய்விட்டாள். இருபது வருடம் கூட இருந்தவள். தோட்டத்திலேயே புதைத்து, அவள் பெயரை அவள் பாஷையிலேயே வெட்டி, ஒரு ஜாதிக்காய்க் கொத்தும் செதுக்கிக் கல் வைத்திருக்கிறேன். இரண்டு பையன்களையும் என் கணக்கப்பிள்ளை பால்வண்ணநாதன் தன் பிள்ளைகளாக வளர்க்கிறேன் என்கிறான். அதற்காகத் தோட்டத்தை அவனுக்கு எழுதிவைக்கிறேன். பையன்கள் இருவருக்கும் என் தாடை. அதனால் விட்பிக்குக் கூட்டி வர வழியில்லை.”

மனைவிக்கு எழுதிய கடிதங்களில் ஆவுடையம்மாள் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. ‘வேலைக்காரி’ என்று நான்கு இடத்தில் வருகிறது.

படமும் கிடைத்தது. மார்கரெட்டோடும் மூன்று மகள்களோடும் உட்கார்ந்திருக்கிறான். பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். அந்தத் தாடைக் குழியைப் பாருங்கள். அப்பாவுக்கு இருந்தது. உங்களுக்கும் இருக்கிறது. நாம் கணக்கப்பிள்ளையின் வம்சம் இல்லை. அங்கே கிடப்பவள் நம்மைப் பெற்றவள். பையன்களின் தாய் யார் என்று வெளியே தெரிந்துவிடக் கூடாதென்று துரையின் சமாதி என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டுப் பெண்களுக்கு உண்மை தெரிந்திருக்கும், அங்கே போய் அழுதிருப்பார்கள். அதனால்தான் பெண்கள் வரக் கூடாது என்று வைத்திருப்பார்கள். இது என் ஊகம். மற்றதெல்லாம் அவன் கையெழுத்து.

ஒரு பெண்ணின் சமாதியை மிதித்ததற்காக ஒரு பெண் மன்னிப்புக் கேட்க வேண்டுமா? மஞ்சுவுக்கு நானே எழுதியிருப்பேன். ஆனால் பூசை வைக்கும் நீங்கள் வாய் திறந்து சொன்னால்தான் ஊரும் கேட்கும், சிவகிரியும் கேட்கும். அதனால் உங்கள் கையில் கொடுக்கிறேன். கொடைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. சொல்லிவிடுங்கள் அண்ணா. உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

உங்கள் தங்கை,
உமா

•

ஹல்
3.8.2024

அண்ணனுக்கு வணக்கம். உடம்பு சுகம்தானே?

பதிவுத் தபாலை ஜூலை 22-ஆம் தேதி நீங்களே கையெழுத்துப் போட்டு வாங்கியதாகக் காட்டுகிறது. ஒரு வரி எழுதக் கூடாதா? வைராக்கியத்தை விட்டு மூன்று தடவை போனும் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை.

உமா

•

தென்காசி
20.8.2024

அன்புள்ள அத்தைக்கு,

நீங்களும் மாமாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கொடை முடிந்துவிட்டது.

துரையைப் பற்றித் தேடப் போவதாக எழுதியிருந்தீர்கள். அத்தை ஏதாவது எழுதினார்களா என்று அப்பாவிடம் தினமும் கேட்டேன். “படம் மட்டும்தான் வந்துச்சு” என்றார். அதைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, மாலை மாட்டியிருந்தார். துரை தனியாக உட்கார்ந்திருக்கிறார். ஓரத்தில் யாருடையதோ பாவாடை மடிப்பு கொஞ்சம் தெரிந்தது. வெட்டியிருக்கிறார்கள் போல.

காலையில் அருவியில் தலை முழுகி, அப்படியே சொட்டச் சொட்ட வந்து நின்றேன். முந்நூறு பேர் இருக்கும். பாதிப் பேர் கையில் போன். “துரை அய்யா, தெரியாம மிதிச்சுட்டேன், பொறுத்துக்கிடுங்க” என்று மூன்று தடவை சொன்னேன். மூன்றாம் தடவை குரல் வரவில்லை. “கேக்கல, சத்தமாச் சொல்லு” என்று மாமியார் சொன்னார். நான்காவதாகவும் சொன்னேன். அப்பா சுருட்டுத் தட்டோடு நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

எல்லாம் முடிந்ததும் மாமியார் அப்பாவிடம் வந்தார். “சாமி பொறுத்துக்கிட்டாலும் எங்களுக்கு மனசு ஆகல அண்ணாச்சி. கடையத்துல ஒரு பொண்ணு பாத்துருக்கோம்” என்றார். மாப்பிள்ளை அதுவரை பக்கத்தில்தான் நின்றார். அங்கிருந்து ஐந்தருவிக்குப் போய்க் குளித்துவிட்டு, மங்குஸ்தான் பழம் வாங்கிக்கொண்டு சிவகிரிக்குப் போய்விட்டார்கள். மாஜிதா பார்த்திருக்கிறாள்.

டாக்டர் சொன்னது, நீங்கள் எழுதியது எல்லாம் ஞாபகம் இருக்கிறது அத்தை. ஆனால் முந்நூறு பேர் முன்னால் நான்கு தடவை என் வாயாலேயே சொல்லிவிட்டேன். இப்போது எனக்கே நான்தான் பிள்ளையைக் கொன்றேனோ என்று தோன்றுகிறது. தூங்க முடியவில்லை.

மஞ்சு

•

மேலகரம்
19.10.2024

தங்கை உமாவுக்கு,

உன்னிடம் நலம் கேட்க எனக்கு வாயில்லை. உன் கடிதங்கள் ஆறும் இருக்கின்றன. கொடைக்குப் பிறகு வந்த இரண்டும் திட்டுத்தான். திட்டு.

மஞ்சு சரியாகச் சாப்பிடுவதில்லை. நேற்று என்னிடம் வந்து, “அப்பா, நான் செத்துப்போனா துரை சமாதானம் ஆயிருவாரா?” என்று கேட்டாள். சிரித்துக்கொண்டே கேட்டாள். அதற்குப் பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

கீழே கிடப்பது துரை இல்லை என்று எனக்கு மூன்று வருடமாகத் தெரியும். சுண்ணாம்பைச் சுரண்டிய அன்று, கொத்தனார் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் நான்தான் பார்த்தேன். ஆவுடையம்மாள் என்று தமிழில் வெட்டியிருந்தது. கீழே ஜாதிக்காய்க் கொத்து. அன்று சாயங்காலமே டைல்ஸ் ஒட்டச் சொன்னேன். படத்தை மாட்டிவிட்டால் துரைதான் என்று எனக்கே ஆகிவிடும் என்று நினைத்தேன்.

மானம் போகும் என்று பயந்து மறைத்தேன் என்றுதான் நீ நினைப்பாய். அதுவும் உண்டு. ஆனால் அது துரை இல்லையென்றால், நீ மிதித்ததில் குற்றமே இல்லை. நீ மிதித்ததால் அம்மை சாகவில்லை என்றால் எதனால் செத்தாள்? அந்தக் கேள்வி வரக் கூடாது எனக்கு.

நீ உள்ளே ஓடிவந்தாய் அல்லவா, உன்னை வெளியே தள்ளியதும் அப்பா என்னைத் தனியாக இழுத்து, “ஏலே, அம்மையத் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ” என்று அம்பாசடர் சாவியைக் கையில் வைத்தார். எனக்குப் பத்தொன்பது வயது. அந்த வருடம்தான் முதல்முறையாகச் சுருட்டுப் பற்றவைக்கும் மரியாதை எனக்கு. நான் போனால் சித்தப்பா மகன் வாங்கிக்கொள்வான். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். “வண்டி ஸ்டார்ட் ஆகலப்பா, டாக்டருக்கு ஆள் அனுப்பிருக்கேன்” என்றேன். யாரையும் அனுப்பவில்லை. கொஞ்ச நேரம்தானே என்று நினைத்தேன். படையலை முதலிலிருந்து போட்டதில் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. சுருட்டைப் பற்றவைத்துவிட்டுத்தான் வந்தேன்.

அப்பா சாகிறவரை அந்த வண்டியைத்தான் திட்டினார். நான் உன்னைச் சொன்னேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை, உன் அண்ணி முத்துவடிவிடம்கூட. உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு யோக்கியதை கிடையாது. கல்லில் இருப்பதை வேண்டுமானால் நீயே மஞ்சுவுக்கு எழுது. என்னால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. சாவி விஷயத்தை மட்டும் அவளுக்குச் சொல்லிவிடாதே. எனக்கு மிஞ்சியிருப்பது அவள் ஒருத்திதான்.

நாகராஜன்

•

ஹல்
6.11.2024

என் கண்ணு மஞ்சுவுக்கு,

அத்தை எழுதுகிறேன். நீ சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும். மற்ற நலமெல்லாம் பிறகு கேட்கிறேன். இதோடு மூன்று தாள்கள் வைத்திருக்கிறேன். மாஜிதாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

முதல் தாள் ஜூலையில் நான் உன் அப்பாவுக்கு எழுதியதன் நகல். அவரை நம்பி அவர் கையில் கொடுத்தேன். உனக்கே அனுப்பியிருந்தால் நீ அந்த முந்நூறு பேர் முன்னால் நின்றிருக்க மாட்டாய். அந்தத் தப்பு என்னுடையது. இரண்டாவது, துரையின் முழுப் படம். அந்தப் பாவாடை யாருடையது என்று தெரிந்துகொள். மூன்றாவது, உன் அப்பா அக்டோபரில் எனக்கு எழுதியது. நகல் இல்லை, அவர் கையெழுத்தேதான். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அதில் கேட்டிருக்கிறார். நான் சொல்லவில்லை. அவரே சொல்லட்டும் என்று அனுப்புகிறேன்.

உன் பிள்ளையை நீ கொல்லவில்லை. உன் ஆச்சியை நான் கொல்லவில்லை. முப்பத்தெட்டு வருடமாக இந்த இரண்டாவது வாக்கியத்தை எழுத எனக்குத் தைரியம் வந்ததில்லை மஞ்சு. உன் அப்பாவின் கடிதத்தை வாசித்துவிட்டு, டூட்டி முடிந்து கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து, அம்மா, அம்மா என்று கத்தினேன்.

அவரை விட்டுப் போ என்றோ மன்னித்துவிடு என்றோ நான் சொல்லப்போவதில்லை. படித்தேன் என்று நீயாகப் போய்ச் சொல்ல வேண்டாம். மூன்று வேளையும் உன் கையால்தான் சாப்பிடுகிறார். இவளுக்குத் தெரிந்திருக்குமோ, தெரியாதோ என்று உன் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு கவளமாக விழுங்கட்டும். அம்மா செத்த நாளிலிருந்து கல்யாணமாகிப் போகிறவரை, பன்னிரண்டு வருடம், அவருக்கு எதிரே உட்கார்ந்து நான் அப்படித்தான் சாப்பிட்டேன்.

உன் அத்தை,
உமா